நான்காவது கொக்கி

தொழிற்சாலை வாசலில் 'விபத்து இல்லாத நாட்கள்' என்று எழுதிக் கீழே ஓர் எண்ணைப் போட்டு வைத்திருக்கும் பலகையைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். போன மாதம் மஸ்ஜித் தானா டவுனுக்குக் காரில் போகும்போது, வழியில் புதிதாக எழும்பியிருந்த ஒரு கம்பெனியின் வாசலில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். இப்போதெல்லாம் அதற்கு ஆள்கூட வேண்டியதில்லை. சிவப்பு விளக்கு எழுத்தில் எண் தானாகவே மாறிக்கொள்கிறது. பின்னால் உட்கார்ந்திருந்த என் மகள் அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, "வாவ், நானூத்திப் பன்னெண்டு நாளா ஒருத்தருக்கும் அடிபடலையாம்மா!" என்றாள்.

"அப்படின்னு எழுதி வெச்சிருக்கான்" என்றேன், தேவைக்கு மேல் சத்தமாக. அவள் கண்ணாடியில் என்னை விநோதமாகப் பார்த்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் வயதில் அந்த மாதிரி ஒரு பலகையை என் அளவுக்கு நேசித்த ஆள் மலாக்கா மாநிலத்திலேயே இருந்திருக்க முடியாது.

அப்போது நாங்கள் ரெம்பியா பக்கத்தில் ஒரு தாமான் குடியிருப்பில் இருந்தோம். அப்பாவைப் பெற்றவர்கள் பால் மரம் வெட்டிய ரப்பர் தோட்டத்தை அதன் முதலாளிகள் விற்றுவிட்டார்கள். மரங்களைச் சாய்த்த இடத்தில் பாதியை வீடுகளாகவும் பாதியைத் தொழிற்பேட்டையாகவும் ஆக்கியிருந்தார்கள். வீடுகளுக்கான காஸ் தோம்பு, அதாவது சிலிண்டர், செய்கிற கம்பெனி ஒன்று அங்கே இருந்தது. தோசைக் கல்லைப் போல மூன்று மடங்கு அகலமுள்ள வட்ட இரும்புத் தகட்டைப் பிரஸ் மிஷினில் வைப்பார்கள். மிஷின் ஒரே இறக்கில் அதைக் கிண்ணமாக்கிவிடும். இரண்டு கிண்ணங்களைக் கவிழ்த்து ஒட்ட வைத்தால் ஒரு தோம்பு. அந்தப் பிரஸ் இறங்குகிற 'தொம்' எங்கள் தமிழ்ப் பள்ளி வரைக்கும் கேட்கும். நாலாம் ஆண்டு ஆசிரியை அதற்கு இடம்விட்டு விட்டுப் பேசப் பழகியிருந்தார்.

அப்பா பிரஸ் பிரிவில் லைன் லீடர். அவருக்குக் கீழே பிரஸ் ஓட்டியது அவருடைய தம்பி, என் சித்தப்பா. அவருக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீட்டிலேயே இருந்தார். அம்மா வேறொரு எலக்ட்ரானிக் கம்பெனியில் வேலை செய்தாள். அவளுடைய பஸ் விடிவதற்குள் வந்து ஹாரன் அடித்துவிடும். ஆகையால் எனக்குத் தலை பின்னிவிடுவது சித்தப்பாவின் வேலையாகிவிட்டது. நாள் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டுகிற கையால் அவர் பின்னும் இரட்டைச் சடையில் ஒரு மயிர் பிசிறாது. பள்ளியில் மற்றப் பெண்கள், "யாரு பின்னிவிட்டா?" என்று கேட்டால், அம்மா என்று பொய் சொல்லுவேன். ஆம்பளை பின்னியது என்று சொல்ல வெட்கம்.

பள்ளி வேன் தினமும் கம்பெனி வாசலைக் கடந்துதான் போகும். அங்கேதான் அந்தப் பலகை உயரமாக நின்றது. மூன்று கொக்கிகள், அவற்றில் பச்சைத் தகரத்தில் வெள்ளை எண்கள். காவலுக்கு இருந்த நேப்பாளி அண்ணன் ஒருவர் காலையில் ஏணி வைத்து எண்ணை மாற்றுவார். வேனில் முதலில் எண்ணைப் பார்த்துக் கத்துவது என் உரிமை. எழுநூற்றிலிருந்து நான் கத்திக்கொண்டு வந்தேன். தொள்ளாயிரத்தைத் தாண்டியதும் வேன் ஓட்டுகிற அங்கிள்கூட வாசலருகே வேகத்தைக் குறைக்க ஆரம்பித்தார். அது எங்கள் அப்பாவின் கம்பெனி, எங்கள் சித்தப்பாவின் கம்பெனி. எண் ஏறுவது அவர்களின் திறமை என்றே நம்பினேன்.

ஆயிரம் நாள் ஆனதும் விழா என்று கம்பெனி அறிவித்திருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்களும், வெளிநாட்டிலிருந்து தோம்பு வாங்குகிறவர்களும் வருவார்களாம். தொழிலாளர் வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு ரைஸ் குக்கர். அப்பாவுக்கு சூப்பர்வைசர் பதவி என்றும் பேச்சு அடிபட்டது. பலகையில் மூன்று கொக்கிதானே இருக்கிறது, ஆயிரத்துக்கு நாலு எண் வேண்டுமே என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டேன். அப்பா சோற்றுக் கையோடு சிரித்து, "பாத்தியா, இது மேனேஜருக்கே தோணல" என்றார். மறுவாரம் நான்காவது கொக்கி ஒன்றைப் பலகையின் இடப்பக்கம் பற்றவைத்தார்கள். யோசனை என் பொண்ணுடையது என்று அப்பா மேனேஜரிடம் சொல்ல, அந்தக் கொக்கியில் முதல் எண்ணை மாட்டப் போவது நான்தான் என்று முடிவாகிவிட்டது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

தொள்ளாயிரத்து எண்பத்து எட்டாவது நாள், ஒரு திங்கட்கிழமை. சாயங்காலம் அப்பாவின் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து சித்தப்பா வந்து இறங்கினார். வலது கையில் முழங்கை வரைக்கும் வெள்ளைக் கட்டு. நடுவிரலும் மோதிர விரலும் நுனி நசுங்கிப் போயிருந்தன. கம்பெனி கிளினிக்கில் தையல் போட்டிருந்தார்கள். முகம் சாம்பல் பூத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "ஒன்னும் இல்ல பாப்பா, தகடு கடிச்சிருச்சு" என்றார்.

டாக்டர் இரண்டு வாரத்துக்கு எம்.சி. என்ற மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டை அப்பா தன் சட்டைப் பையில் வைத்திருந்தார். அம்மா வேலை முடிந்து வந்ததும் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

"மேனேஜர் நல்ல மனுஷன்லா. எம்.சி. போட வேணாம், காலையில வந்து கார்டு மட்டும் பஞ்ச் பண்ணிட்டு ஜாகா ரூம்ல, காவக்காரரோட உக்காந்திருக்கட்டும்னு சொல்லிட்டாரு. வேலையே செய்ய வேணாம். கிளினிக்குக்கு கம்பெனி வேன்லயே கூட்டிட்டுப் போறாங்க. வேற ஆஸ்பத்திரிக்கு மட்டும் போகக் கூடாது, அங்க போனா எப்படி ஆச்சுன்னு கேப்பாங்க."

"அடிபட்டவன் வீட்டுல படுப்பானா, ஜாகா ரூம்ல போயி உக்காருவானா?" என்றாள் அம்மா.

"ஒரு நாள் வேலைக்கு வரலன்னாலும் பலகை ஸீரோவுக்குப் போயிரும். மூனு வருஷமா எல்லாரும் பாடுபட்டது. இன்னும் பன்னெண்டு நாள்தான்."

அம்மா கையில் இருந்த சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தாள். "அந்தக் கட்டைய வெச்சது யாருங்க? அத முதல்ல சொல்லுங்க" என்றாள். அப்பா வெளியே போய் மோட்டார் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தார்.

கட்டை என்றால் என்ன என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அந்தப் பிரஸ்ஸில் இரண்டு பச்சைப் பொத்தான்கள் உண்டு. இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மிஷின் இறங்கும். கை இரண்டும் பொத்தானில் இருந்தால் மிஷினுக்குள் இருக்க முடியாதல்லவா, அதற்காகத்தான் அப்படிச் செய்திருந்தார்கள். ஆனால் அப்படி ஓட்டினால் மேனேஜர் கேட்கிற எண்ணிக்கை வராது. ஆகவே ஒரு பொத்தானில் மரக்கட்டையைச் செருகி டேப் சுற்றிவிடுவார்கள். இடது கை பொத்தானை அழுத்த, வலது கை தகட்டைத் தள்ளும். மேனேஜர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அந்தக் கட்டையைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, இன்றைக்கு எத்தனை கிண்ணம் என்று மட்டும் கேட்டிருக்கிறார். கட்டையைத் தன் கையால் செருகியவர் லைன் லீடர். அதாவது, என் அப்பா.

மறுநாள் காலை வேனில் ஏறும்போது எனக்கு ஒரே கவலை. சித்தப்பாவின் விரலுக்காக அல்ல. பலகைக்காக. விபத்து நடந்துவிட்டதே, எண் சைபராகியிருக்குமே, பிறகு நான் எப்போது ஏணி ஏறுவது என்று பயந்தேன். வாசல் வந்தது. தொள்ளாயிரத்து எண்பத்து ஒன்பது! வேன் கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி கத்தினேன். காவல் அறையின் சன்னலுக்குள், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தபடி சித்தப்பா உட்கார்ந்திருந்தார். வேனைப் பார்த்து இடது கையை ஆட்டினார்.

சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன்: "சித்தப்பாவுக்கு அடிபட்டிருச்சே, ஏன் பலகை மாறல?"

"வேலைக்கு வராமப் போனாத்தான் ஆக்சிடென்ட்னு கணக்கு. உன் சித்தப்பா ஒரு நாளும் லீவ் போடலையே" என்றார் அப்பா. என்ன அழகான பதில்! பத்து வயதுக் குழந்தை ஏற்றுக்கொள்வதில் ஆச்சரியமில்லை. படித்துப் பட்டம் வாங்கியவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து இதையே ஒரு விதியாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால்தான் இன்றும் எனக்குக் கொதிக்கிறது. ஒரு மனிதனின் கை நசுங்கியது விபத்து இல்லையாம். அவன் வீட்டில் படுத்தால்தான் விபத்தாம்.

அந்த நாட்களில் எனக்குத் தலை பின்ன ஆளில்லை. அம்மா ஒரு ரப்பர் பேண்டைப் போட்டுக் குதிரைவால் கட்டிவிட்டு ஓடுவாள். சித்தப்பா தினமும் அப்பாவின் பின்னால் ஏறிப் போய், கார்டைப் பஞ்ச் பண்ணி, காவல் அறையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். லாரிகள் கிளப்பும் புழுதி அவருடைய கைக் கட்டுத் துணியை மஞ்சளாக்கியிருக்கும். நேப்பாளி அண்ணன்தான் தன் தேநீரில் பாதியை அவருக்குக் கொடுப்பாராம். தையல் பக்கம் வீங்கியிருக்கிறதே என்று கிளினிக்கில் கேட்டதற்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்து அனுப்பினார்கள்.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று எட்டாவது நாள், வியாழக்கிழமை காலை, சித்தப்பா பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. அம்மா பஸ்ஸுக்குப் போயிருந்தாள். அப்பா பூட்ஸைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று இரண்டு தடவை கூப்பிட்டார். "முடியலண்ணே, குளிருது. இன்னிக்கு ஒரு நாள் விட்ரு" என்று சித்தப்பாவின் குரல் வந்தது. அப்பா மணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாப்பா, நீ போய்ச் சொல்லு. நீ சொன்னா அவன் கேப்பான்."

நான் பள்ளிச் சீருடையோடு உள்ளே போனேன். சித்தப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "சித்தப்பா, இன்னும் ரெண்டே ரெண்டு நாள்தான் சித்தப்பா. ப்ளீஸ் லா. நீங்க போகலன்னா ஸீரோ ஆயிரும். நான் ஏணி ஏற முடியாது" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அது நடிப்பில்லை. உண்மையாகவே அந்த உலகத்தில் அதைவிடப் பெரிய துக்கம் எனக்கு இல்லை.

அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். "ஏணி ரொம்ப ஒசரம். பயமா இல்லியா ஒனக்கு?"

"இல்ல."

"அப்ப சரி. அந்தச் சட்டைய எடு."

பொத்தான்களை நான்தான் போட்டுவிட்டேன். சட்டைக்குள் அவர் உடம்பு அனலாக அடித்தது. நான் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு அடுத்த பொத்தானுக்குப் போனேன். அவர்கள் கிளம்பிய பிறகு வேன் வந்தது. வாசலில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று எட்டு தொங்கியது. கத்தினேன்.

இந்த ஓர் இடத்தில் மட்டும் நான் அப்பாவை மன்னிக்கவில்லை. கட்டையைச் செருகியதைக்கூட, மேலிருந்து நெருக்கினார்கள், என்ன செய்வார் என்று விட்டுவிடலாம். ஒரு மனிதனின் காய்ச்சலுக்கு எதிராக அவன் தட்டவே முடியாத ஓர் ஆளை அனுப்பினாரே, அதை எங்கே கொண்டு போய் வைப்பது?

சனிக்கிழமை விழா. அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, போகத் தேவையில்லாத ஓவர்டைம் வேலைக்குப் போய்விட்டாள். குதிரைவாலோடு பெரியவர்கள் முன்னால் ஏணி ஏற மாட்டேன் என்று நான் அடம்பிடித்தேன். அப்பாவுக்குச் சடை பின்னத் தெரியாது. கடைசியில் சித்தப்பாதான் என்னைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்துக்கொண்டார். ஒரு புரியை நான் பிடித்துக்கொள்ள, மற்ற இரண்டை அவர் இடது கையால் மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னினார். மூச்சு என் பிடரியில் சூடாக விழுந்தது. நடுநடுவே நிறுத்திவிடுவார். "சீக்கிரம் சித்தப்பா" என்பேன். முடித்ததும் கண்ணாடியில் பார்த்தேன். ஒரு சடை மேலே, ஒரு சடை கீழே. "கோணலா இருக்கு" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

கம்பெனி வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், நாசி பிரியாணிச் சோற்றின் வாசனை, மேடைக்குப் பக்கத்தில் மலையாக அடுக்கிய ரைஸ் குக்கர் பெட்டிகள். பெரியவர்கள் வெள்ளைத் தொப்பி போட்டு வந்து உட்கார்ந்தார்கள். சித்தப்பாவை மட்டும் காணோம். கட்டுப் போட்ட கையோடு ஒருவர் வாசலில் உட்கார்ந்திருந்தால் வருகிறவர்கள் கண்ணில் உறுத்தும் என்று, கார்டைப் பஞ்ச் பண்ண வைத்துவிட்டு அவரை ஸ்டோருக்குப் பின்னால் போய் இருக்கச் சொல்லிவிட்டார்கள். போய்ச் சொன்னதும் அப்பாதான்.

பேச்சுகள் முடிந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். நேப்பாளி அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு படியாக ஏறினேன். கையில் தங்க நிறம் பூசிய ஒன்று என்ற எண். மூன்று சைபர்களை முன்பே மாட்டியிருந்தார்கள். நான்காவது கொக்கியில் அந்த ஒன்றை மாட்டினேன். கீழே கைதட்டல் வெடித்தது.

அந்த உயரத்திலிருந்து பந்தலின் கூரைக்கு மேலாக எல்லாம் தெரிந்தது. தொழிற்சாலையின் தகரக் கூரை, லாரிகள், ஸ்டோருக்குப் பின்னால் குவித்துப் போட்டிருந்த ஓட்டைக் கிண்ணங்கள். அவற்றில் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கையைத் தலைக்கு மேலே தூக்கியிருந்தார். இவ்வளவு தூரத்திலிருந்தும் எனக்குக் கை காட்டுகிறாரே என்று பூரித்துப்போய் நானும் கையை ஆட்டினேன். தங்களுக்குத்தான் ஆட்டுகிறேன் என்று பெரியவர்கள் சிரித்து மறுபடி கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. விரல்கள் கறுத்திருந்தன. அம்மா யாரையும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக் காரில் ஏற்றி மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டாள். மூன்று நாளைக்கு முன்னால் கொண்டுவந்திருந்தால் நுனியோடு போயிருக்கும் என்று அங்கே சொன்னார்களாம். திங்கட்கிழமை காலையில் அறுவைச் சிகிச்சை. இரண்டு விரலையும் அடியோடு எடுத்தார்கள். அதே நேரம் எங்கள் வேன் கம்பெனி வாசலைத் தாண்டியது. பலகையில் ஆயிரத்து இரண்டு. அவர் இல்லாத நாட்களை வருடாந்திர விடுமுறை என்று எழுதிக்கொண்டார்கள். நான் எண்ணைக் கத்தினேன், வேனே கைதட்டியது.

அப்பாவுக்கு சூப்பர்வைசர் பதவி கிடைத்தது. மஞ்சள் ஹெல்மெட் போய் வெள்ளை ஹெல்மெட் வந்தது. அதை வீட்டுக்குள் கொண்டுவர அம்மா கடைசிவரை விடவில்லை. அது மோட்டார் சைக்கிள் கைப்பிடியிலேயே மழையிலும் வெயிலிலும் தொங்கியது. ரைஸ் குக்கரைப் பெட்டி பிரிக்காமல் நேப்பாளி அண்ணனுக்குக் கொடுத்து அனுப்பினாள். விழாப் படத்தை மட்டும் கம்பெனியே சட்டம் போட்டுக் கொடுத்திருந்தது. அதை நான் விடவில்லை. இன்றும் என் வீட்டில் இருக்கிறது.

சித்தப்பா இப்போது தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலில் தோட்ட வேலை பார்க்கிறார். போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவர், என் மகளை முன்னால் உட்கார வைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தார். மிச்சமிருக்கிற விரல்களால் பின்னினாலும் ஒரு மயிர் பிசிறவில்லை. மகள் சுவரில் இருந்த படத்தைக் காட்டி, "சின்னத் தாத்தா, நீங்க எங்க இதுல?" என்று கேட்டாள்.

"நான் ஸ்டோர் பின்னாடில்ல இருந்தேன். யப்பா, அன்னிக்கு வலி! கையத் தொங்கவிட்டா உயிரே போயிரும். தூக்கிப் பிடிச்சாக் கொஞ்சம் தேவலாம் போல இருந்துச்சு. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிக்கிட்டே உக்காந்திருந்தேன். சும்மா ஆடாத, சடை கோணிரும்" என்றார் சித்தப்பா, கதை சொல்வது போல. ஏணியில் இருந்த நான் அவரைப் பார்த்தது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

படத்தில் என் சடைகள் கோணலாக இருக்கின்றன. வாயெல்லாம் பல்லாக, படம் எடுத்தவரைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துச் சிரிக்கிறேன். அங்கே கூடியிருந்த அத்தனை பேரையும்விடச் சித்தப்பாதான் அதிகமாகச் சந்தோஷப்படுகிறார், கையை இறக்கவே மனமில்லாமல் வைத்திருக்கிறார் என்று நினைத்து, ஏணியின் உச்சியில் நின்று நான் இன்னும் பலமாகக் கையை ஆட்டினேன்.